வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஓர் அறை வேண்டும்

தமிழ்நாட்டின் பேரூராட்சி, நகராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மதுரைக்கு மேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பேரூராட்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நான் ஒரு குடிநோயாளி. கடைசியாகக் குடித்து 6 வருடம் 4 மாதம் ஆகிறது. இந்த மடலில் என் பெயர் இருக்காது, ஊரின் பெயரும் இருக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் வாரத்துக்கு இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம், ஓர் அறையை எங்களுக்குத் திறந்து விடுங்கள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் உட்கார்ந்து பேசுவதற்கு. வாடகை நாங்கள் தருகிறோம்.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. அதுவரை மூன்று வருடமாக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் கடைசி வகுப்பறையில் கூடிக்கொண்டிருந்தோம். பெற்றோர் சிலர் ஆட்சேபம் சொன்னதால், 'இனிமேல் வேண்டாமே' என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகள் படிக்கிற இடம், மூன்று வருடம் கொடுத்ததே பெரிது. அந்த வாரம் எங்களில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், பதினொரு பேரும் வந்துவிட்டோம். சரி, சமாளித்தாயிற்று என்றுதான் நினைத்தோம்.

பத்து நாள் கழித்துப் பள்ளியின் வாட்ச்மேன் ஒரு மிக்ஸி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஓர் ஆள் வந்தாராம். நாற்பது வயது இருக்குமாம். குளித்து, தலை சீவி, தேய்த்த சட்டை போட்டு, கையில் ஒரு துண்டுச்சீட்டோடு வந்து, 'இங்க ஏதோ கூட்டம் நடக்குமாமே' என்று கேட்டிருக்கிறார். 'இப்ப இங்க இல்லைங்க' என்று சொன்னதும், கேட்டுக்கு வெளியே இருக்கிற சிமென்ட் திண்டில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றார். பஸ் ஏறி வீட்டுக்கும் போயிருக்கலாம். அந்த வழியில்தான் மதுக்கடையும் இருக்கிறது. அவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

தினமும் குடிக்கிற ஒரு மனிதர், மாலை ஏழு மணி வரை குடிக்காமல் இருந்து, குளித்து, சட்டை மாற்றி, ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை ராத்திரி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். என்னிடமும் அப்படி ஒரு சீட்டு இருந்தது.

என் வேலைக்குக் கைதான் முதல். சீலிங் ஃபேன் காயிலுக்குச் சுற்றுகிற செம்புக் கம்பி தலைமுடி மாதிரி இருக்கும். ஒரு சுற்று தப்பினாலும், மேல்பூச்சு உரிந்தாலும் காயில் எரிந்துவிடும். காலையில் எழுந்தால் என்னால் டீ டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாது. உள்ளே ஒரு கட்டிங் போனால்தான் கை நிற்கும். மதுக்கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு. அதற்கு முன்னால் பிளாக்கில் எங்கே கிடைக்கும் என்று குடிக்கிறவனுக்குத் தெரியாதா? விலை கூடத்தான். அந்தக் காசு பையனின் பள்ளிக் கட்டணத்திலிருந்து போனது.

நிறுத்தப் பார்க்காமல் இல்லை. மாலை போட்டேன். 48 நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே குடித்தேன். மகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். கோயிலில் கயிறு கட்டினார்கள். என் மனைவி பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற ஒரு பொடியை வாங்கிக் குழம்பில் கலந்தாள். அதில் என்ன இருந்தது என்று இப்போதும் தெரியாது. குடியோடு சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடக்கூடிய டைசல்ஃபிராம் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டர் பார்த்து, குடிப்பவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டியவை. இதைப் படிக்கிற எந்தத் தங்கச்சியும் அப்படி எதையும் கலந்து கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கம்பிக் கதவு, அடி, 45 நாள், மனைவியின் தோட்டை அடகு வைத்த பணம். வெளியே வந்து நான்காம் நாள் குடித்தேன். அதற்கும் பிறகு ஒருநாள் வைராக்கியமாக வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினேன். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நான்காம் நாளில் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வரலாம், உயிரே போகலாம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். வைட்டமின் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, சில நாளில் உடம்பைத் தேற்றிவிட்டார்கள். கிளம்பும்போது ஒரு நர்ஸம்மா ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். 'ஏ.ஏ. கூட்டம், மாலை 7 மணி.' கீழே ஒரு தெருவின் பெயர். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் இயக்கம். "உடம்புக்கு இங்க பாத்தாச்சு. இதுக்கும் ஒரு தடவ போய்ப் பாருங்கண்ணே" என்றார்.

அந்தச் சீட்டு ஐந்து மாதம் என் பர்ஸில் இருந்தது. மடித்த இடத்தில் கிழிந்து இரண்டு துண்டாகிவிட்டது. அந்த ஐந்து மாதத்தில் திரும்பக் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் போனேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தத் தெருவுக்கு வழி கேட்டு நடந்தேன். ஆனால் எந்தக் கட்டடம் என்று யாரையும் கேட்க வாய் வரவில்லை. என்னவென்று கேட்பது? குடிகாரர்கள் கூடுகிற இடம் எது என்றா? அந்தக் கட்டடத்தை மூன்று தடவை கடந்து போனேன். நான்காவது தடவை, வாசலில் நின்ற ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதத் தடவையா தம்பி? வாங்க, டீ போட்டாச்சு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெயரைக்கூட.

உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இடம் கொடுங்கள் என்று கேட்பது நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். பதினைந்து இருபது நாற்காலி. ஒரு மேசை, ஒரு கெட்டில், பிஸ்கட். நடத்துபவர் என்று ஒருவர் இருப்பார், அடுத்த வாரம் வேறொருவர். ஒவ்வொருவராக எழுந்து, பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பார்கள். குறுக்கே பேசக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அன்று ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் பேசினார். பேத்தியின் உண்டியலைக் கத்தி விட்டு நெம்பிக் காசு எடுத்ததையும், அந்தப் பிள்ளை தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். என் பையனின் கட்டணப் பணத்தை எடுத்த ராத்திரி எனக்கு நேரே வந்து நின்றது. இருபது வருடமாக என்னைத் தவிர யாரும் இப்படிக் கேவலமாக நடந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். அவர் குடியை விட்டுப் பதினேழு வருடம் ஆகியிருந்தது.

'குடிகாரன்' என்று வீட்டிலும் தெருவிலும் கூப்பிடப்பட்ட எனக்கு, 'குடிநோயாளி' என்ற சொல் அன்றுதான் கிடைத்தது. நோய் என்றால் செய்ததெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பட்ட கடனைக் கட்ட வேண்டும், நாம் அடித்தவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். குடியிலிருந்து மீள இந்த இயக்கம் சொல்லும் பன்னிரண்டு படிகளில் அதற்கென்றே படிகள் இருக்கின்றன. ஆனால் நோய் என்றால் மருந்து தேடலாம். கெட்டவன் என்றால் என்ன தேடுவது?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இந்த இயக்கம் தொடங்கியதே ஒருவர் இன்னொருவரைத் தேடியதில்தான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வியாபார விஷயமாக வந்த ஒரு பங்குத் தரகர், அவர் பெயர் பில், வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடம், ஒரு பக்கம் தொலைபேசி. தேவாலயங்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, 'இந்த ஊரில் பேசுவதற்கு எனக்கு ஒரு குடிநோயாளி வேண்டும்' என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை மருத்துவர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் இயக்கம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. தமிழில் கூட்டங்கள் நடக்கின்றன, புத்தகங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்று இருந்தால் போதும். சாதி, மதம், கட்சி எதையும் யாரும் கேட்பதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் எங்கள் குழுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

'உட்கார்ந்து பேசினால் குடி போய்விடுமா?' என்று ஒரு வார்டு உறுப்பினர் என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை, சேர்த்துப் பரிசீலித்து ஒரு முடிவை வெளியிட்டது. இந்த இயக்கத்தோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற மனநல சிகிச்சைகளைவிட மேலாகவே பலன் தருகிறது என்பது அதன் சாரம். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களிடம் வந்து போனவர்களில் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பதில் கூட்டம் என்றும் சொல்ல மாட்டேன், வலிப்பு வந்தவன் நான். ஆஸ்பத்திரி சில நாளில் அனுப்பிவிடும். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு சாயங்காலத்துக்கும்தான் இந்த அறை.

சாயங்காலம் என்பதை உங்களுக்குப் புரியவைக்க வேண்டும். வேலை முடிந்து கையில் கூலி இருக்கிற நேரம். ஆறரையிலிருந்து எட்டு வரை எங்களுக்குக் கண்டம். பழைய கூட்டாளி பைக்கை நிறுத்தி ஒரு பார்வை பார்த்தால் போதும். புதிதாகக் குடியை விட்டவர்களிடம், முதல் 90 நாளில் 90 கூட்டத்துக்குப் போங்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். மதுரைக்குள் இருந்தால் இன்றைக்கு ஒரு தெரு, நாளைக்கு ஒரு தெரு என்று ஓரளவுக்காவது போய்விடலாம். எனக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சீக்கிரம் கடையை அடைக்க வேண்டும், அரை நாள் வேலை கெடும், பஸ் காசு வேறு. எட்டரைக்குக் கூட்டம் முடிந்து பஸ் ஏறினால் ஒன்பதரைக்கு ஊரில் இறங்குவேன். மதுக்கடை பத்து மணி வரை திறந்திருக்கும். முதல் வருடம் அந்த அரை மணி நேரத்தை எப்படித் தாண்டினேன் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கண்டக்டர் அண்ணனுக்குப் போன் போட்டு, வீட்டு வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே நடப்பேன். சில நாள் பேச ஒன்றும் இருக்காது. லைனில் இருப்பார், அவ்வளவுதான்.

அதனால்தான் எங்கள் ஊரிலேயே ஒரு குழு வேண்டும் என்று நான்கு பேராகத் தொடங்கினோம். நகரங்களில் நல்ல மருத்துவ வசதி வளர்ந்திருக்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் சிறிய ஊரில் இருப்பவனுக்கு அங்கிருந்து வீடு திரும்பிய பிறகு போய் உட்கார ஓர் இடம் இல்லை. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு, நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று சொல்கிறது. மீதி 37 பேரும் யாரோ ஒரு கவுன்சிலரின் வார்டில்தான் குடியிருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் கேட்கிற சண்டை அவர்கள் வீட்டுச் சண்டைதான். பஞ்சாயத்துப் பேச உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மதுக்கடையை மூடுங்கள் என்று கேட்க நான் இந்த மடலை எழுதவில்லை. அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் மதுவிலிருந்து வருகிறது. அதைப்பற்றி உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும், என் மனைவிக்கும் இருக்கிறது. எங்கள் இயக்கத்துக்கு வெளி விவகாரங்களில் கருத்துக் கிடையாது. இந்த மடலும் இயக்கத்தின் சார்பில் எழுதியதல்ல, வரி கட்டுகிற ஓர் ஊர்க்காரனாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் இல்லை என்றான பிறகு ஓர் அலுவலகத்தில் போய் இடம் கேட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் கேட்ட எதுவும் எங்களிடம் இல்லை. சங்கப் பதிவு எண் கேட்டார்கள், நாங்கள் பதிவு செய்த சங்கம் இல்லை. லெட்டர்பேட் கேட்டார்கள், கிடையாது. தலைவர், செயலாளர் கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். தலைவர் என்று யாரும் இல்லை, வேலைகளை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். உறுப்பினர் பட்டியல் ஆதார் எண்ணோடு வேண்டும் என்றபோது எழுந்து வந்துவிட்டோம். அந்தப் பட்டியலில் ஓர் ஆசிரியர் இருப்பார், ஒரு டிரைவர் இருப்பார், பெண் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பையன் இருப்பான். அவர்கள் பெயர் வெளியே போனால் வேலை போகும், சம்பந்தம் போகும். அதைவிட முக்கியம், பட்டியலில் பெயர் ஏறும் என்று தெரிந்தால் இன்னும் உள்ளே வராதவர் வரவே மாட்டார். என் பெயரை இங்கே எழுதாததும் இதனால்தான். எங்கள் ஊர் சிறியது. என் பெயரைச் சொன்னால், என்னோடு மாடி ஏறிப் போகிற பத்துப் பேரின் பெயரையும் சொன்னதாகிவிடும்.

இன்னொரு உறுப்பினர் நல்ல மனதோடு, ஐயாயிரம் ரூபாயும் தன் பெயர் எழுதிய ஒரு ஃபேனும் தருகிறேன் என்றார். வாங்க முடியாது என்று சொன்னபோது அவர் முகம் வாடியது. அவரை அவமதித்ததாக நினைத்துவிட்டார். வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது உலகம் முழுக்க எங்களுக்குள்ள மரபு. கூட்டம் முடிகிறபோது ஒரு டப்பா சுற்றி வரும். பத்து, இருபது, முடியாதவர் போட வேண்டாம். அதில்தான் டீ, அதில்தான் வாடகை. வருடக்கணக்காகக் கடன் வாங்கி, கைநீட்டி, எடுத்து, ஏமாற்றிப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் நாற்காலிக்கு நாங்களே காசு கொடுக்கிறோம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அவர் இதைப் படித்தால் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

எனவே இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. வாடகை எவ்வளவு என்று சொல்லுங்கள், ரசீது கொடுங்கள். குழுவிலிருந்து ஒரே ஒருவர் தன் பெயரில் விண்ணப்பம் தருவார். அது உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும், வெளியே வேண்டாம். நூலகத்தின் பின்னறை, சுயஉதவிக் குழுக் கட்டடம், வார்டு அலுவலகம், எதுவானாலும் சரி. சமுதாயக் கூடம் மட்டும் சரிப்படாது. முகூர்த்த நாள் வந்தால் எங்களை வேறு நாளைக்கு மாற்றச் சொல்வீர்கள். மாற்றினால் பழையவர்கள் போனில் தெரிந்துகொள்வோம். சீட்டைப் பார்த்து வருகிறவருக்கு யார் சொல்வது? அவர் வருகிற ஒரு நாள் அதுவாக இருந்தால்? தேர்தல் வந்தாலும், கட்சி மாறினாலும், மழை பெய்தாலும் அந்த நாளில் அந்த நேரத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். மன்றத்தில் ஒரு தீர்மானமாகவே போட்டுவிட்டால் உங்களுக்குப் பிறகு வருகிறவர்களும் மாற்ற யோசிப்பார்கள்.

திறப்பு விழா வேண்டாம். பேனர், போட்டோ, பொன்னாடை எதுவும் வேண்டாம். வாசலைப் பார்த்து ஒரு கேமரா மாட்டியிருந்தால் அதைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பிவையுங்கள். அறை வாசலில் எங்கள் பெயர் வேண்டியதில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்குகிற இடத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், உங்கள் அலுவலகத்தில் குடிநீர் வரி கட்டுகிற ஜன்னலுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன அறிவிப்பு இருக்கட்டும். 'குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் கூட்டம், வியாழன், ஞாயிறு, மாலை 7 மணி', இடம், அவ்வளவு போதும். கீழே மனநல உதவிக்கான 14416, போதை மறுவாழ்வு உதவிக்கான 14446 என்ற இரண்டு இலவச எண்களையும் போட்டால், குடியை நிறுத்தப்போய் உடம்புக்கு முடியாமல் தவிக்கிற வீட்டுக்கு உதவும். வரி கட்டுகிற ஜன்னலை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே வரிசையில் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எங்களில் பாதிப் பேருக்குக் கூட்டம் இருக்கிறது என்று தெரிந்ததே மனைவி, அக்கா, அம்மா மூலமாகத்தான்.

அவர்களுக்கும் இடம் வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனியாக ஒன்று 1951 முதல் இருக்கிறது. என் மனைவி மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் வருகிறாள். முதல் தடவை போய்விட்டு வந்து, "உங்களப் பத்தி அங்க யாருமே கேக்கலை. என்னையப் பத்திதான் கேட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பக்கத்தில் இரண்டாவதாக ஓர் அறை இருந்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் அதே நேரத்தில் அங்கே உட்காரலாம்.

குடிக்கிற பெண்களைப் பற்றிப் பேசவே நம் ஊரில் ஆள் இல்லை. போன வருடம் ஒரு பெண் தன் அக்காவோடு வந்தார். பதினொரு ஆண்களைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அவருக்கு ஒரு தனி நேரமும், அறைக்குப் போகிற வழியில் ஒரு தெருவிளக்கும், துணைக்கு மதுரையிலிருந்து குடியை விட்ட ஒரு பெண்ணும் இருந்திருந்தால் பேசியிருப்பார் என்றே நம்புகிறேன். மதுரையிலிருந்து ஆளை நாங்கள் வரவழைத்துக்கொள்கிறோம். அறையும் விளக்கும் உங்கள் கையில்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒருநாள் வந்து பாருங்கள். மாதத்தில் ஒரு கூட்டம் எல்லோருக்கும் பொதுவாக நடத்துகிறோம், யார் வேண்டுமானாலும் வரலாம். யாராவது ஒருவர் குடியை விட்டு ஒரு வருடம் முடித்திருந்தால் அன்று அவருக்குப் 'பிறந்தநாள்'. கேக் வெட்டுவோம், குடும்பம் வந்திருக்கும். போன பிறந்தநாளில் ஒரு சின்னப் பெண், எட்டு வயது இருக்கும், மைக் இல்லாமலேயே எழுந்து, "எங்கப்பா இப்பல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கட்சிக் கரை வேட்டி மட்டும் வேண்டாம், சாதாரணமாக வாருங்கள். டீ உண்டு.

எங்களுக்கு உள்ள ஒரே கேள்வி, சாவி யாரிடம் இருக்கும் என்பதுதான். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் இருந்தாலும் சரி, வாட்ச்மேனிடம் இருந்தாலும் சரி, ஆறே முக்காலுக்குப் போய் வாங்கிக்கொள்கிறோம். கூட்டிப் பெருக்கி, நாற்காலியை அடுக்கி, ஃபேனையும் விளக்கையும் அணைத்துவிட்டு எட்டரைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இப்போதைக்கு அந்த மொட்டை மாடியில்தான் கூடுகிறோம். மழைக்காலம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்களில் ஒருவர் ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை அந்தப் பள்ளிக்கூட கேட் வாசலில் போய் நிற்கிறோம், சீட்டோடு யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு வர. முறை வைத்து நிற்கிறோம். இந்த வாரம் என் முறை.

இப்படிக்கு,
ஒரு குடிநோயாளி